கடலுக்கு ஒரு ஆப்(பு)

ரொம்ப நாளாச்சு மக்களே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். புடுங்கப் புடுங்க முளைக்குது. இந்த வாரமும் எழுதியிருக்க மாட்டேன். ஆனா போன ஞாயித்துக்கிழமை அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து நின்னான். இஞ்சினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்.

"மாமா, நீங்க பொட்டி தட்டுறவர்தானே, பாத்துட்டு நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுங்க."

என்ன ப்ராஜெக்ட்னு கேட்டேன். கடல்ல குளிக்கிறவங்களைக் கண்காணிச்சு, யாராவது முழுகுற மாதிரி தெரிஞ்சா எச்சரிக்கை கொடுக்குற ஒரு ஆப். கையில ஒரு பட்டை, கரையில ஒரு கேமரா, நடுவுல ஒரு சர்வர், கடைசியில செல்போன்ல ஒரு திரை. அந்தத் திரையை வடிவமைக்கிறது இவன் பொறுப்பு.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. ஏன்னு சொல்லணும்னா கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்கோங்க.

*

பாண்டியிலிருந்து ஈ.சி.ஆர்ல வடக்கே வந்தா கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, அப்புறம் பெரிய முதலியார்சாவடி. ஆரோவில் போறவங்க இங்கதான் இடது பக்கம் திரும்புவாங்க. வலது பக்கம் திரும்பினா கடல். இன்னும் வடக்கே போய்க்கிட்டே இருந்தா காலாப்பட்டு தாண்டி மரக்காணம் உப்பளம் வந்துடும். விடுமுறை நாள்ல சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் கட்டிக்கிட்டு வர்ற கூட்டம் எல்லாம் இந்தப் பட்டையிலதான் இறங்கும்.

2018 மே மாசம். பையன் அப்போ ஒன்பதாவது முடிச்சிருந்தான். லீவுக்கு வந்தவனைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அலை கொஞ்சம் பெருசா இருந்துச்சு. இடமும் வலமும் நுரை தள்ளிக்கிட்டு வந்து உடையுது. நடுவுல மட்டும் ஒரு பத்துப் பதினஞ்சடி அகலத்துக்குத் தண்ணி அமைதியா, கொஞ்சம் கருப்பா இருந்துச்சு. நான் பெரிய விவரம் தெரிஞ்ச ஆளு மாதிரி, "டேய், அங்க அலையே இல்ல பாரு, அங்க போய்க் குளி"ன்னு கையைக் காட்டினேன்.

அந்த இடத்தைக் காட்டினது நான்தான். இதை இன்னைக்கு வரைக்கும் அக்காகிட்ட சொன்னதில்லை.

ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இடுப்பளவு தண்ணியில நின்னவன் கொஞ்சம் தள்ளித் தெரிஞ்சான். அப்புறம் இன்னும் தள்ளி. நான் நீந்துறான்னு நினைச்சேன். கத்தலை. கையை ஆட்டலை. தலை மட்டும் பின்னால சாஞ்சு, வாய் தண்ணி மட்டத்துல இருந்துச்சு. நான் செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன்.

கரையில வலை பிரிச்சுக்கிட்டிருந்த ஒருத்தர்தான் பார்த்தார். "யோவ், பையன் போறான்யா!"ன்னு ஒரு சத்தம். கயித்துல கட்டியிருந்த காலி கேனைத் தூக்கிக்கிட்டு ஓடினார். அவர் பையனை நோக்கி நேரா ஓடலை. பக்கத்துல, அலை உடையுற இடத்துல இறங்கி, சுத்திப் போய், கேனை அவன் பக்கம் வீசினார். பிடிச்சுக்கிட்டான். அப்புறம் ரெண்டு பேரும் கரைக்கு இணையா கொஞ்ச தூரம் போய், அலையோட சேர்ந்து வெளிய வந்தாங்க.

மூச்சு வாங்கிக்கிட்டே அவர் என்கிட்ட கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு. "அலை இல்லாத இடம்னு பாத்து எறக்குனியா? அலை இல்லாத இடம்தான்யா இழுக்கும்."

*

அதுக்கப்புறம்தான் நான் படிச்சேன். கரைக்கு வந்து சேர்ற தண்ணி திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டுக்கு நடுவுல பள்ளம் கிடைச்சா அதுல கூடி, ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குள்ள ஓடும். பள்ளத்துல ஆழம் அதிகம்கிறதால அலை உடையாது, பார்க்க அமைதியா இருக்கும். வேகம் கூடினா வினாடிக்கு ரெண்டு மீட்டருக்கும் மேல போகும். ஒலிம்பிக் நீச்சல்காரனாலயும் எதிர்த்து வர முடியாது. ஆனா அது அகலம் குறைச்சல். எதிர்க்காம மிதந்து, பக்கவாட்டுல போனா தப்பிச்சுக்கலாம்.

கல்லைக் கொட்டின இடத்துப் பக்கத்துலயும் இந்த இழுப்பு வரும். நம்ம கடற்கரைக்கு அது இன்னொரு தலைவலி. 1980களின் கடைசியில புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. இந்தக் கரையில மணல் வருஷத்துல பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே நகரும். அதைச் சுவர் மறிச்சதும் வடக்குப் பக்கம் மணல் வரத்து நின்னு கரை அரிக்க ஆரம்பிச்சுது. அரிப்பைத் தடுக்கக் கல், அந்தக் கல்லுக்கு வடக்கே அரிப்பு, அதுக்கு மறுபடி கல். இப்படியே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம்னு வடக்கே ஏறிக்கிட்டே வந்துச்சு. போன வருஷம் பார்த்த கரை இந்த வருஷம் இருக்காது. "இந்த இடத்துல நாங்க சின்ன வயசுலேர்ந்து குளிக்கிறோம்"கிற பேச்சுக்கே இங்க அர்த்தம் இல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பர்ல ஒரு அறிக்கை விட்டுது. 2021ல மட்டும் உலகம் பூரா 3 லட்சம் பேர் தண்ணியில முழுகிச் செத்திருக்காங்க, மணிக்கு 30 பேர். நம்ம நாட்டுல குளம், கிணறு, ஆறு, கடல் எல்லாம் சேர்த்து 2021, 2022 ரெண்டு வருஷத்துலயும் 36,000 பேருக்கு மேலன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்லுது. அதுல ஒரு எண்ணாகப் போக வேண்டியவன்தான் இப்ப லேப்டாப்போட என் எதிர்ல உட்கார்ந்திருக்கான். அதனால இது எனக்கு மொக்கை மேட்டர் இல்ல.

*

சரி, ஆப்புக்கு வர்றேன்.

திரையைத் திறந்தான். அசந்துட்டேன். அடர்நீலப் பின்னணி. நடுவுல மேப்பு. ஒரு ஓரம் அலை உயரம், காற்றின் வேகம், தண்ணி வெப்பம், இன்னொரு ஓரம் நீந்துறவங்களோட இதயத் துடிப்பு, கீழ ஓடுற வரைபடம், மேல மூணு கோடு மெனு. நீந்துறவனுக்குத் தனி ஆப்பு, அதுல சிவப்பா ஒரு அபாய பட்டன். எல்லாம் இங்கிலீஷ்.

"சூப்பர்டா. வா, இதைக் காட்ட வேண்டிய ஆளுகிட்ட காட்டுவோம்"னு வண்டியை எடுத்தேன். அந்த வலைக்காரர் இன்னும் அதே கரையிலதான் இருக்கார். நாங்க அண்ணேன்னுதான் கூப்பிடுவோம். பொங்கலுக்குப் பொங்கல் வேட்டி வாங்கிட்டுப் போய்ப் பார்க்கிற பழக்கம்.

பன்னண்டு மணி வெயில். செல்லை அவர் கையில கொடுத்தான். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், சாய்ச்சுப் பார்த்தார், கையால நிழல் கட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியேப்பா. என் மூஞ்சிதான் தெரியுது."

அடர்நீலம் வீட்டுக்குள்ள அழகு. கடற்கரை வெயில்ல அது கண்ணாடி. முதல் பாடம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தோம். ஈரக் கை. தொட்டார், ஒண்ணும் ஆகலை. மறுபடி தொட்டார், வேற எதுவோ திறந்துச்சு. கைபேசித் திரை விரலோட மின்னேற்றத்தை வச்சு வேலை செய்யுது. மேல உப்புத்தண்ணி பட்டா எது விரல், எது தண்ணின்னு அதுக்குத் தெரியாது. ரெண்டாவது பாடம்.

கைலியில கையைத் துடைச்சுட்டு மேப்பைப் பார்த்தார். "இதுல கடல் எங்க இருக்குது?"

"வலது பக்கம் நீலமா இருக்கே, அதுதான்."

அவர் நிமிர்ந்து கடலைப் பார்த்தார். கடல் அவருக்கு நேர் எதிர்ல இருந்துச்சு. "எதிர்ல இருக்குற கடலை ஏன்பா சோத்துக்கைப் பக்கம் வச்சே?"

மேப்புன்னா வடக்கு மேல இருக்கணும்னு நாம பள்ளிக்கூடத்துல படிச்சது. கிழக்குக் கரையில நின்னு கடலைப் பார்க்குறவனுக்கு வடக்கு இடது கைப் பக்கம். பையன் முழுகும்போது மேப்பை மனசுக்குள்ள தொண்ணூறு டிகிரி திருப்பிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கு? கடல் மேல இருக்கணும், கரை கீழ இருக்கணும். மூணாவது பாடம்.

அப்புறம் வந்துச்சு பாருங்க நாலாவது. பையன் அவசரமா தமிழ்ல மாத்திக் காட்டினான். கடல்ல இழுப்பு கூடினா வர்ற எச்சரிக்கையை ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருள்ல போட்டு எடுத்திருக்கான். ஏதோ "நீரோட்டக் கிழிசல்"னு வந்திருக்கு. அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு, "வலை கிழிஞ்சிருக்குன்னு சொல்லுதா?"ன்னார். ஓட்டத்தை அவங்க வெள்ளம்னுதான் சொல்வாங்க. "வெள்ளம் வடக்க இழுக்குது"ன்னா அவருக்கு அரை நொடியில புரியும். அதே "வெள்ள எச்சரிக்கை"ன்னு போட்டா பாண்டிக்கு டூர் வந்தவன் மழை பெய்யுதான்னு வானத்தைப் பார்ப்பான். ஒரே சொல், ரெண்டு ஆளுக்கு ரெண்டு அர்த்தம். கடைசியில நாங்க மூணு பேரும் சேர்ந்து முடிவு பண்ணின வாசகம், "இங்க கடல் இழுக்குது." இதுக்கு அகராதி வேண்டாம்.

அரை மணி நேரத்துல நாலு பாடம். இவன் கல்லூரியில ரெண்டு செமஸ்டர் உட்கார்ந்து படிச்சதைவிட ஜாஸ்தின்னு நினைக்கிறேன். (அடிக்க வராதீங்க வாத்தியார்களே, நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் நீங்கதான்னு தெரியும்!)

*

இனி என் கருத்து. இதுக்காகத்தான் இந்தப் பதிவே.

இந்த மாதிரி ஆப் செய்யிற எல்லாரும் "பயனர்"னா நீந்துறவன்னு நினைச்சுக்குறாங்க. அதுதான் அடிப்படைத் தப்பு. நீந்துறவன் செல்போனைச் செருப்புக்குள்ள ஒளிச்சு வச்சுட்டுத்தான் தண்ணியில இறங்குறான். கையிலயே கட்டிக்கிட்டுப் போனாலும் அபாய பட்டனை அவனால அமுக்க முடியாது. அமெரிக்காவுல ஃபிராங்க் பியான்னு ஒரு உயிர்காப்பாளர், முழுகுறவங்களைப் படம் எடுத்து ஆராய்ஞ்சு 1970கள்லயே சொல்லிட்டார். முழுகுறவன் கத்த மாட்டான், ஏன்னா மூச்சுக்கே காத்து பத்தாது. கையை ஆட்ட மாட்டான், ஏன்னா ரெண்டு கையும் தன்னாலயே தண்ணியைக் கீழ அமுக்கிக்கிட்டு இருக்கும். இந்த நிலையில 20 வினாடியிலிருந்து 60 வினாடி வரைதான் தண்ணி மேல இருப்பான். நான் என் கண்ணால பார்த்ததும் இதேதான். பார்த்தும் புரியலை.

அப்போ பயனர் யாரு? கரையில இருக்குறவன். உயிர்காப்பாளர் இருந்தா அவர். இல்லைன்னா வலை பிரிக்கிற அண்ணன், சுண்டல் விக்கிற அக்கா, டீக்கடைக்காரர். திரை அவங்களுக்குத்தான் பேசணும்.

அவங்ககிட்ட இருக்குறது அந்த 20 வினாடி. இதை வச்சுக் கணக்குப் போடுங்க. பையிலேர்ந்து செல்லை எடுக்க அஞ்சு வினாடி. பூட்டைத் திறக்க மூணு. ஆப்பு திறந்து சுத்திக்கிட்டே இருக்குற வட்டம் ஒரு எட்டு. மெனுவுல தேட இன்னொரு அஞ்சு. முடிஞ்சு போச்சு. பூட்டு போட்டிருந்தாலும் திரையில தானா வந்து நிக்கணும், காத்துச் சத்தத்தை மீறிக் கத்தணும். 2023ல ஒரு நாள் எல்லார் செல்போனும் ஒரே நேரத்துல அலறிச்சே, பேரிடர் எச்சரிக்கைச் சோதனைன்னு, ஞாபகம் இருக்கா? அதுக்கு யாரும் எதையும் டவுன்லோடு பண்ணலை, லாகின் பண்ணலை. அந்த மாதிரி இருக்கணும்.

அலறினதும் திரையில மூணு விஷயம் போதும்.

ஒண்ணு, எங்கே. எண்கணக்குல அட்சரேகை தீர்க்கரேகை வேண்டாம். "படகுத்துறைக்கு இடது பக்கம், நாப்பது அடி உள்ள." அந்தந்தக் கரைக்காரங்க சொல்ற அடையாளத்தையே முதல்லயே கேட்டு வாங்கி உள்ள போட்டுக்கணும்.

ரெண்டு, என்ன செய்யணும். "குதிக்காதே. கேன், கயிறு, மிதவை, எதையாவது வீசு." இதை நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன். ஒருத்தன் இழுத்துட்டுப் போனா காப்பாத்தப் போன அண்ணன், அண்ணனைக் காப்பாத்தப் போன மாமான்னு வரிசையா போற செய்தியை நாம பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருக்கோம்? அன்னைக்கு அந்த அண்ணன் இல்லைன்னா நானும் குதிச்சிருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது.

மூணு, "நான் போறேன்"னு ஒரே ஒரு பட்டன். திரையில பாதி அகலத்துக்கு. பத்துப் பேர் செல்லு அலறினா ஒவ்வொருத்தனும் அடுத்தவன் போவான்னு நினைப்பான். ஒருத்தர் அமுக்கினதும் மத்த ஒன்பது பேர் திரையும் மாறணும்: "ஆள் போயாச்சு. நீங்க 108க்குப் போன் போடுங்க." வேலையைப் பிரிச்சுக் கொடுக்கணும்.

இதயத் துடிப்பு, ஓடுற வரைபடம் எல்லாம்? எடுத்துடு. பின்னால ஆராய்ச்சி பண்றவனுக்குத் தனியா ஒரு இடத்துல வை.

*

இன்னும் ரெண்டு விஷயத்துல எனக்கும் மாப்ளைக்கும் பெரிய சண்டையே நடந்துச்சு.

முதல் சண்டை பச்சைக் கலர். எல்லாம் சரியா இருக்கும்போது திரையில பெருசா பச்சையில "பாதுகாப்பானது"ன்னு வருது. நான் கூடவே கூடாதுன்னேன். கையில கட்டுற பட்டை ரேடியோ அலையில பேசுது. உப்புத்தண்ணியில அந்த அலை சில சென்டிமீட்டர் தாண்டினாலே செத்துடும். ஜி.பி.எஸ்சும் தண்ணிக்கடியில கிடையாது. அதனால ஒருத்தன் முழுகினாலும் சிக்னல் இல்ல, சும்மா முங்கிக் குளிச்சாலும் சிக்னல் இல்ல, பட்டையில சார்ஜ் போனாலும் சிக்னல் இல்ல. இத்தனை வினாடிக்கு மேல சத்தம் இல்லைன்னா மணி அடின்னு ஒரு கணக்குலதான் ஓடுது. இந்த லட்சணத்துல "பாதுகாப்பானது"ன்னு சொல்ல இந்தப் பொட்டிக்கு என்ன தகுதி? "3 வினாடிக்கு முன்னால பார்த்தேன்"னு சொல்லலாம். கேமரால உப்பு படிஞ்சு மங்கிப் போச்சுன்னா "எனக்கு இப்போ கண்ணு தெரியலை, நீங்க பாருங்க"ன்னு சொல்லணும். தனக்குத் தெரியலைங்கிறதை ஒத்துக்கிற ஆப்தான் நல்ல ஆப். நான் 2018ல பண்ணின தப்பும் அந்தப் பச்சைக் கலர்தானே? தெரியாத இடத்தைப் பார்த்து "அங்க பாதுகாப்பு"ன்னு கையைக் காட்டினேன்.

ரெண்டாவது சண்டை பொய் மணி. "மாமா, என் கேமரா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சரியா சொல்லும்"னு பெருமையா சொன்னான். சரிடா, ஒரு பேச்சுக்கு ஆயிரம் பேர் குளிக்கிறாங்கன்னு வச்சுக்கோ, அதுல ஒருத்தனுக்குத்தான் நிஜமா ஆபத்து. மிச்சம் 999 பேர்ல நூத்துக்கு அஞ்சுன்னா அம்பது பேருக்குப் பொய்யா மணி அடிக்கும். அம்பத்தோரு மணியில ஒண்ணுதான் நிஜம். மூணாவது மணிக்கே அண்ணன் செல்லை அணைச்சு வலைக்கூடைக்குள்ள போட்டுடுவார். புலி வருது கதைதான். அதனால ஒரே அடியா அலறாம, முதல்ல மெல்லிசா "அந்தப் பக்கம் ஒரு பார்வை பாருங்க"ன்னு ஒரு தட்டு, அப்புறமும் அப்படியே இருந்தா அலறல்னு ரெண்டு படியா வைக்கச் சொன்னேன். பொய் மணியா இருந்தா "ஒண்ணுமில்ல"ன்னு சொல்ல ஒரு சின்ன இடம் வேணும்; அதை வச்சுத்தான் அந்தக் கேமரா நம்ம கரையைக் கத்துக்கணும். வெளிநாட்டு நீச்சல்குளத்துல நீச்சல் உடுப்புப் போட்ட ஆளுங்களைப் பார்த்துப் பழகின கண்ணு, புடவையோட அலையில உட்கார்ந்து குளிக்கிற நம்ம அத்தைகளைப் பார்த்தா என்ன நினைக்கும்? சோதிச்சுப் பார்க்காம யாரும் சொல்ல முடியாது.

அத்தைன்னதும் ஞாபகம் வருது. கேமரா படத்தை எல்லார் செல்லுலயும் காட்டவே கூடாது. குளிக்கிற பொம்பளைங்க படம் கண்டவன் கைபேசிக்குப் போகும்னு ஒரு வதந்தி கிளம்பினாப் போதும், அடுத்த நாள் ஊரே சேர்ந்து அந்தக் கம்பத்தைப் புடுங்கிப் போட்டுடும். புடுங்கணும்னுதான் நானும் சொல்வேன். திரையில ஒரு புள்ளி போதும்.

*

"மாமா, நீங்க சொல்றதை எல்லாம் கேட்டா ஆப்பே இருக்காது. ஒரு பட்டன்தான் இருக்கும். மார்க்கு யாரு போடுவா?"ன்னான்.

நியாயமான கேள்வி. ஆனா நம்ம பக்கத்துலயே நடந்த ஒரு விஷயத்தை அவனுக்குச் சொன்னேன். உங்கள்ல பழைய ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சுது. வீராம்பட்டினத்துல அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துலேர்ந்து அலை உயரக் கணிப்பை இறக்கி, மீனவங்களுக்கு ஒலிபெருக்கியில தமிழ்ல சொல்வாங்க. கம்ப்யூட்டர் உள்ள இருந்துச்சு. மீனவருக்குத் தெரிஞ்ச இடைமுகம் அந்தக் குழாய் ஸ்பீக்கர்தான். 2004 டிசம்பர் 26 காலையில, சிங்கப்பூர்ல வேலை பார்த்த நல்லவாடு பையன் ஒருத்தன் டிவியில சேதி பார்த்துட்டு ஊருக்குப் போன் போட்டான். ஊர்க்காரங்க அந்தத் தகவல் மைய ஒலிபெருக்கியில சத்தம் போட்டு எல்லாரையும் வெளியேத்தினாங்க. மூவாயிரத்துக்கு மேல ஜனம். வீடு போச்சு, படகு போச்சு, ஆளுங்க பிழைச்சாங்க. ஒரு போன், ஒரு மைக். கத்துக்க வேண்டியது எதுவுமே இல்லாத இடைமுகம்.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. 2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவங்க அலையில போயிட்டாங்க. அந்த நாளுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கையை ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ் முன்கூட்டியே விட்டிருந்துச்சு. எங்கயோ தெற்கு இந்தியப் பெருங்கடல்ல கிளம்புற அலை, இங்க காத்தே இல்லாம வானம் தெளிவா இருக்கும்போது திருடன் மாதிரி வந்து ஏறும்; அதான் அந்தப் பேரு. அறிவியல் சரியாத்தான் வேலை செஞ்சுது. கணிப்பு சரி, நேரம் சரி. மணல்ல கால் வச்சு நின்ன அந்தப் புள்ளைங்க கண்ணுக்கும் காதுக்கும் மட்டும் அது போய்ச் சேரலை. அந்தக் கடைசி நூறடியில அறுந்து போச்சு. இடைமுகம்னு நாம பேசுறது அந்த நூறடியைத்தான். கலர், ஐகான் எல்லாம் அப்புறம்.

கோவாவைப் பாருங்க. 2008ல உயிர்காப்பாளர்களை முறையா வேலைக்கு வச்சாங்க. 2023லதான் கண்காணிப்புக்குச் செயற்கை நுண்ணறிவு, ரோபோ எல்லாம் கொண்டு வந்தாங்க. முதல்ல ஆளு, பதினஞ்சு வருஷம் கழிச்சு கருவி. நம்ம பக்கம் சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021ல நீலக்கொடி கிடைச்சுது. அதோட நிபந்தனையிலயே உயிர்காப்பாளர் உண்டு. நீலக்கொடி இல்லாத கரையில குளிக்கிறவன் உயிர் மட்டும் மலிவா? அண்ணன் மாதிரி ஆளுங்க ஒவ்வொரு கரையிலயும் இருக்காங்க. அவங்களுக்குப் பயிற்சி, நல்ல மிதவை, ஒரு விசில், மாசம் ஒரு சம்பளம். இதைக் கொடுத்துட்டு அப்புறம் அவர் கையில ஆப்பைக் கொடுங்க. கரையில ஆளே இல்லைன்னா அந்த ஆப்பு யாருக்காக அலறும்?

*

சாயங்காலம் கிளம்பும்போது அண்ணன் பையனைத் தட்டிக்கொடுத்து ஒண்ணு சொன்னார். "தம்பி, எனக்குச் சொல்றது இருக்கட்டும். எறங்கறதுக்கு முன்னால அவனுங்களுக்கு எந்த எடம் இழுக்குதுன்னு சொல்லு. நான் தெனம் காலையில வந்து பாத்துச் சொல்றேன், நீ எழுதிக்கோ."

பையன் வர்ற வழியெல்லாம் பேசலை. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு படம் அனுப்பினான். வெள்ளைத் திரை. மேல கடல், கீழ கரை. நடுவுல சிவப்புப் பட்டை: "இங்க கடல் இழுக்குது." கீழ சின்னதா: "இன்று காலை 6 மணிக்குப் பார்த்தது." அதுக்குக் கீழ ஒரு பட்டன். அவ்வளவுதான்.

இதையே பலகையில எழுதிக் கரையில நட்டாலும் வேலை செய்யும்னு சொன்னேன். "அதையும் ப்ராஜெக்ட்டுல சேர்த்துட்டேன் மாமா, சாக்பீஸ் முப்பது ரூபா"ன்னான். மார்க்கு எவ்வளவு வரும்னு பார்ப்போம்.

நம்ம மக்கள்ல ஆப் வடிவமைக்கிறவங்க, கடலோர ஊர்க்காரங்க நிறையப் பேர் இருக்கீங்க. எங்க தப்புன்னு பின்னூட்டத்துல கும்முங்க. குறிப்பா, உங்க ஊர்ல இந்த இழுப்புக்கு என்ன பேரு சொல்றீங்கன்னு எழுதுங்க. நாகப்பட்டினத்துல ஒண்ணு, தூத்துக்குடியில ஒண்ணு, யாழ்ப்பாணத்துல ஒண்ணு இருக்கும். பையன் எல்லாத்தையும் சேர்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கான்.

டிஸ்கி 1: கடல்ல இழுத்துக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தாதீங்க. மல்லாந்து மிதங்க. இழுப்பு விட்டதும் கரைக்கு இணையா போய், அலை உடையுற பக்கமா வெளிய வாங்க. நுரைக்கு நடுவுல அமைதியான கருப்புத் தண்ணி இருந்தா அதுல இறங்கவே இறங்காதீங்க.

டிஸ்கி 2: அக்கா இந்தப் பதிவைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துலதான் எழுதிட்டேன். படிச்சுட்டா... அவ்வ்வ்வ்! பரவாயில்ல. ஏழு வருஷத்துக்கு மேலாச்சு, சொல்ல வேண்டியதுதான்.